ரைஸ் குக்கரோடு காட்டுக்குப் போனோம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நானும் என் கணவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தோம். வாசற்கதவில் இருவர் பெயரும் இருந்தன. அலமாரியில் இருவர் உடுப்பும் இருந்தன. ஆனால் இருவரும் ஒன்றாக அந்த வீட்டுக்குள் விழித்திருந்த நேரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒஸ்லோவின் கிழக்கே, புருசெத்தில், அடுக்குமாடி ஒன்றின் நான்காவது தளம். நான் விடியவே எழும்பி முதியோர் இல்லத்து வேலைக்கு ஓடுவேன். அவர் பின்னேரம் நகரத்துக்குப் போய், ஒரு ஹோட்டல் சமையலறையில் நின்றுவிட்டு, நான் நித்திரையான பிறகு வருவார். மகளுக்கு அப்போது மூன்று வயது. பிள்ளையைப் பிறத்தியார் கையில் விடுவதில்லை என்பது நாங்கள் சண்டை பிடிக்காமல் எடுத்த ஒரே முடிவு. அதற்காகத்தான் இந்த மாறி மாறி ஓட்டம்.

பிள்ளை கைமாறும் இடம் புருசெத் ரயில் நிலையம். தேபான என்று இங்கே சொல்லும் நகர ரயிலில் நான் வந்து இறங்க, அவர் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நிற்பார். நகரத்துக்குப் போகும் ரயில் வருவதற்குள் எங்கள் இல்லறம் நடந்து முடிய வேண்டும்.

"சோறு இருக்கு. மீன் பொரிக்கேல்லை. இவள் இன்னும் நித்திரை கொள்ளேல்லை."

"சரி. சனிக்கிழமை சாமத்திய வீடு கிடக்கு, மறந்திடாதேங்கோ."

"அண்டைக்கு எனக்கு எக்ஸ்ட்ரா வேலை. நேரை ஹோலுக்கு வாறன்."

ரயில் வந்துவிடும். கதவு மூடிவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மகளுக்குக் கை காட்டுவார். மிச்சம் மீதி இருந்தால் எனக்கும் ஒரு தலையசைப்பு கிடைக்கும்.

எங்கள் புளொக்கில் இருந்த ஒரு நோர்வேஜியப் பெண் இந்தக் காட்சியைப் பல நாட்களாகப் பார்த்திருக்கிறார். ஒருநாள் லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரிந்த பிறகும் பிள்ளைக்காக இவ்வளவு நட்பாக நடந்துகொள்கிறீர்களே, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது" என்றார். விவாகரத்தானவர்கள் அப்படித்தான் பிள்ளையைக் கைமாற்றுவார்களாம். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனுசியைத் திருத்தவும் வாய் வரவில்லை. அடுத்த நாள் ரயில் மேடையில் வைத்துக் கணவரிடம் சொல்லத் தொடங்கினேன். பாதிக் கதையில் ரயில் வந்துவிட்டது. மற்றப் பாதியை எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லவே இல்லையோ என்னவோ.

வார இறுதி என்று ஒன்று இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது, ஆனால் அது எங்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. பெண்பிள்ளை பெரியவளானதற்கான சாமத்திய வீடு, பிறந்தநாள், கலியாணம், குடிபுகுதல் என்று ஏதாவது ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வேலைக்கு ஒரு நிமிடமும் பிந்தாத எங்கள் தமிழ்ச் சனம், ஆறு மணி விழாவுக்கு எட்டு மணிக்கு வந்து இறங்கி, "இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கேட்கும். நேரத்துக்குப் போனால் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று பெயர் வந்துவிடும் அல்லவா? மண்டபத்துக்குள் போனதும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வீடியோக்காரர் வந்து வெளிச்சத்தை அடிக்கும்போது மட்டும் கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று சிரிப்போம். பிறகு யாராவது வீட்டில் அந்த வீடியோ ஓடும்போது, "இந்த மனிசனுக்கு முன்தலை இவ்வளவு வெளிச்சிட்டுதோ" என்று நான் ஆச்சரியப்படுவேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த நோர்வேஜியத் தோழிக்கு என் வயதுதான். அவள் எண்பது வீத வேலைதான் செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் வரமாட்டாள். ஏதும் நோய் வருத்தமாக்கும் என்று பாவப்பட்டுக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டேன்.

"வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வாய்?"

"ஒன்றும் செய்யமாட்டேன். மிகவும் நன்றாக இருக்கும்."

கை கால் சுகமாக இருக்கிற ஒருத்தி, சம்பளத்தை விட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன் என்பதை வெட்கமில்லாமல், பாண் துண்டில் வெண்ணெய் பூசிக்கொண்டு சொல்கிறாளே என்று எனக்கு எரிச்சல் வந்தது. நூறு வீத வேலைக்கு மேலும் எக்ஸ்ட்ரா செய்வதுதான் எங்களுக்குப் பெருமை. சோம்பேறித்தனத்தின் மேல் வந்த கோபம் என்றுதான் அதை நினைத்தேன். அது பச்சைப் பொறாமை.

அந்தக் கோடை முடிகிற நேரம் எங்கள் பிரிவுப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, நிரந்தர இரவு வேலை ஒன்று இருக்கிறது, விரும்பினால் எடுக்கலாம் என்றார். சம்பளம் கூட. அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ரயில் மேடையில் கணவரிடம் சொன்னேன். அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்து நான் கனகாலம் பார்த்ததில்லை.

"நீர் இரவிலை போனா, பகலிலை வீட்டிலை நிப்பீர். அப்ப நான் காலமையும் ஒரு வேலை எடுக்கலாம். கெதியிலை வீடு வாங்கலாம்!"

வீடு என்றால் நகரத்துக்கு வெளியே லோரன்ஸ்கூக்கில் ஒரு வரிசை வீடு. வாசலில் கையகலப் புல், பின்னால் இறைச்சி சுட ஓர் இடம். அவருடைய சிநேகிதர்கள் ஒவ்வொருவராகப் புருசெத்தை விட்டு அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். பகலில் வீட்டில் நிற்கப்போகிற நான் எப்போது நித்திரை கொள்வேன் என்பது மட்டும் அவர் கணக்கில் இல்லை. எனக்கு நித்திரையும் பெரிய கவலை இல்லை. இந்த மேடைச் சந்திப்பும் இல்லாமல் போனால் நாங்கள் எப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்போம் என்பதுதான் கவலை. அதற்கும் அடியில் இன்னொரு பயம் கிடந்தது. என்றாவது ஆற அமர இருக்க நேரம் கிடைக்கும்போது, கதைக்க எங்களிடம் ஒன்றுமே மிஞ்சாமல் போயிருக்குமோ?

வேலையிடத்தில் என் முகத்தைப் பார்த்துத் தோழி விசாரித்தாள். சொன்னேன். "இந்த வார இறுதியில் எங்கள் ஹித்த சும்மாதான் கிடக்கிறது. குடும்பமாகப் போய் இருந்து யோசி" என்று கதவுத் திறப்பைத் தந்தாள். ஹித்த என்றால் காட்டுக்குள்ளோ மலையிலோ நோர்வேஜியர்கள் வைத்திருக்கும் மரவீடு. "மிகவும் எளிமையானது. அங்கே ஒன்றும் இல்லை. அதுதான் அதில் உள்ள நல்ல விஷயம்" என்றாள்.

எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்று உண்டு. மாளிகை மாதிரி வீடு வாங்கியவர் குடிபுகுதலுக்குச் சொல்லும்போது, "சின்ன வீடுதான், தலைசாய்க்க ஒரு இடம்" என்பார். போய்ப் பார்த்தால் அவர்கள் குளியலறை எங்கள் குசினியிலும் பெரிது. "ஒண்டும் செய்யேல்லை, சும்மா சோறும் கறியும்தான்" என்று கூப்பிட்டால், மேசையில் கோப்பை வைக்க இடம் இருக்காது. அப்படிச் சொல்வதுதான் பண்பு. அதைக் கேட்டு நம்பாமல் இருப்பதும் பண்புதான்.

"ஒன்றும் இல்லையாம்" என்று கணவரிடம் சொன்னேன்.

"இவ்வளவு காலம் உழைச்ச சனம், ஒண்டும் இல்லாமலோ வைச்சிருக்கும்? சும்மா தன்னடக்கத்துக்குச் சொல்லுறது," என்றார் அவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவருக்கு அந்த வார இறுதி வேலை இல்லை. ஒரு பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் டிமிக்கி கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். "காட்டிலை இருந்து யோசிச்சாலும் கணக்கு ஒண்டுதான்" என்று காரில் ஏறும்போதே சொல்லிவைத்தார்.

சாமான் ஏற்றியதில் பாதி நான் ஏற்றியது. ரைஸ் குக்கர், சம்பல் அரைக்க மிக்ஸி, தலைமயிர் உலர்த்தும் மெஷின், ஒரு பை அரிசி, ஐஸ் பெட்டியில் மீன். தார் ரோடு முடிந்து, கல் ரோடு முடிந்து, பிறகு ரோடே முடிந்தது. அங்கே இருந்து நடக்க வேண்டும். சேற்று நிலத்தின் மேல் பலகை போட்டிருந்த ஒற்றையடிப் பாதை. என் கணவர் ரைஸ் குக்கரைத் தோளில் வைத்து, கும்பம் கொண்டுபோகிற பக்தியோடு நடந்தார். மகள் அவருக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்ததும் அவர் செய்த முதல் வேலை பிளக் தேடியது. ஒரு சுவர் தடவினார். மறுசுவர் தடவினார். கட்டிலை இழுத்து அடியில் பார்த்தார். மேசையில் மண்ணெண்ணெய் விளக்கு, மூலையில் விறகு அடுப்பு, தண்ணீருக்கு ஒரு வாளி. தண்ணீர் கீழே ஓடையில். அவள் தன்னடக்கத்துக்குச் சொல்லவில்லை. நோர்வேஜியர்கள் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லைதான்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"திரும்பிப் போவம்."

"மழை தூறுது. பிள்ளைக்குப் பசி. விடிய யோசிப்பம்."

வெளியே தனியாக இருந்த கக்கூசுக்குப் போய்வந்தவர் முகம் இன்னும் இருண்டிருந்தது. அதற்குள் அரச குடும்பத்துப் படம் ஒன்று கண்ணாடி போட்டுத் தொங்குகிறதாம். "எங்கட நாட்டிலை இப்பிடிக் கொழுவினா உள்ளுக்குத் தள்ளிப்போடுவாங்கள்," என்றார். அன்று பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, மூவரும் ஒரே போர்வைக்குள் படுத்துவிட்டோம். இப்படி ஒரே நேரத்தில் மூவரும் படுக்கைக்குப் போனது மகளுக்குப் பெரிய அதிசயம். ஒருமுறை என்னைத் தொட்டுப் பார்ப்பாள், மறுமுறை அவரைத் தொட்டுப் பார்ப்பாள்.

மறுநாள் ஒரு சோறு சமைக்கக் காலை முழுவதும் போனது. ஓடையில் தண்ணீர் அள்ள வேண்டும், விறகு பிளக்க வேண்டும், அடுப்பு மூள வேண்டும். அது மூளாமல் புகைத்தது. அவர் முழங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஊதினார். பிறகு சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டு குனிந்தார். அப்போதுதான் கண்டேன். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை, தோல் சுருங்கி மினுங்கிய ஒரு நீளத் தழும்பு.

"இதென்னப்பா?"

"வேலையிலை, அவண் சூட்டிலை பட்டது."

"எப்ப?"

"போன மாரியிலை."

போன மாரி. பனி விழுந்து, கரைந்து, கோடையும் வந்து போய்விட்டது. இவ்வளவு நாளும் நான் என் கணவரின் கையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவில்லை. வேலையிடத்தில் யாரோ ஒரு முதியவரின் காலில் ஊசி முனையளவு சிவந்தாலும் கண்டுபிடித்து மருந்து போடுகிறவள் நான்.

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று கத்தினேன். அழுகையை மறைக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

"சொல்ல வந்தனான். ரயில் வந்திட்டுது."

கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி ஊதினார். அடுப்பு பிடித்துக்கொண்டது.

சோறு அடியில் பிடித்து, மேலே குழைந்து, நடுவில் மட்டும் சோறாக இருந்தது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. சுடச்சுட வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். ஆனாலும் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். வெறும் தணலில் சுட்ட மீனும் மிளகாய்த் தூளும்தான் கறி.

மழை விடாத அந்த மத்தியானம், சுவர்த் தட்டில் கிடந்த பழைய சஞ்சிகை ஒன்றை எடுத்து மகளுக்குப் படம் காட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த அவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீர் எப்ப கண்ணாடி போடத் தொடங்கினனீர்?"

"போன வருசம்."

அவர் கொஞ்சம் முன்னுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு, "வடிவாய்த்தான் இருக்கு," என்றார். இந்த வயதில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குக் காது சுட்டது.

பின்னேரம் மழை விட்டதும் அவர் போனைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். ஹித்தயில் சிக்னல் இல்லை, மேட்டில் ஏறினால்தான் பிடிக்கும். யாராவது வராமல் விட்டால் சமையலறைப் பொறுப்பாளர் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். இவரும் இதுவரை மாட்டேன் என்று சொன்னதில்லை. மகளும் விளையாட்டுக்கு ரைஸ் குக்கர் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள். நான் வாசற்படியில் இருந்து, இப்போது வந்து சாமானைக் கட்டு என்பார் என்று காத்திருந்தேன். கனநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். இருவர் வாயும் நீலம். ரைஸ் குக்கரின் உள்சட்டி நிறைய புளூபெரி.

"ஆரும் கூப்பிட்டவையோ?"

"இல்லை. ஒருத்தரும் கூப்பிடேல்லை." சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சற்று மனத்தாங்கலோடு சொன்னார்: "நாங்கள் இல்லாட்டியும் ஒஸ்லோ ஓடுது, என்ன?"

அவர் குரலில் இருந்த அந்தச் சின்ன மனத்தாங்கலைக் கேட்டதும் எனக்குத் துணிவு வந்தது.

"நான் இரவு வேலை எடுக்கப்போறேல்லை," என்றேன்.

"அப்ப வீடு?"

"இருக்கிற வீட்டிலை இருப்பம்."

"எல்லாரும் போயிட்டாங்கள். நாங்கள் மட்டும் புளொக்கிலை கிடந்து சாகிறதோ?"

"வாங்கிற வீட்டிலை ஆரப்பா இருக்கிறது? பகலிலை நான் நித்திரை, இரவிலை நீங்கள் நித்திரை. முத்தத்திலை புல்லு மட்டும் வளரும். எனக்கு வீடு வேணும்தான். அதுக்கு முதல் புருசன் வேணும். உங்கடை கை வெந்தது தெரியாமல் இன்னொரு மாரி போகக் கூடாது."

அவர் எழும்பிப் போய் விறகு பிளந்தார். அடுத்து வருபவர்களுக்குக் கொஞ்சம் விறகு பிளந்து வைத்துவிட்டுப் போவது அந்த வீட்டு முறை என்று தோழி சொல்லியிருந்தாள். என் கணவர் அன்று இருந்த கோபத்தில் ஊருக்கே காணும் அளவு பிளந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினேன். மகள் குச்சிகளைப் பொறுக்கி அதன்மேல் வைத்தாள். இருட்டும்வரை யாரும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரில் திரும்பும்போது, "சரி, பிறகு பாப்பம்," என்றார். எங்கள் ஆட்கள் "பிறகு பாப்பம்" என்றால் ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை பொறுப்பாளரிடம் இரவு வேலை வேண்டாம் என்றேன். வாய் திறந்த கையோடு, எண்பது வீதமாகக் குறைக்க முடியுமா என்றும் கேட்டுவிட்டேன். என் காதுக்கே அது வேறு யாரோ கேட்பதுபோல் இருந்தது. அவர் மறுக்கவில்லை. குறைத்த செய்தி எப்படித்தான் பரவியதோ, அடுத்த விழாவில் பெண்கள் பக்கம் விசாரணை தொடங்கியது. "ஏதும் வருத்தமோ?" என்றார் ஒருவர். "வேலையிலை பிரச்சினையோ?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு அர்த்தத்தோடு சிரித்தார். வெள்ளிக்கிழமைகளில் சும்மா இருக்கப்போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

லோரன்ஸ்கூக் வீடு வரவே இல்லை. புருசெத்திலேயே இருந்தோம். அவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த முதல் வெள்ளிக்கிழமையை நான் எந்த வரிசை வீட்டுக்கும் மாற்றமாட்டேன்.

அவருக்குப் பின்னேரம்தான் வேலை. காலையில் இருவரும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம். மகள் மேசைக்குக் கீழே படம் கீறிக்கொண்டிருந்தாள். தேநீர் ஊற்றினேன். மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையை மறுபடி துடைத்தேன்.

"இரும்," என்றார்.

இருந்தேன். இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். பிறகு கோப்பையைப் பார்த்தோம். நான் பயந்தது நடந்துவிட்டது, எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதான் நினைத்தேன். அப்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்டு கேக்கட்டே? நீர் முதன்முதல் வந்து இறங்கினனீர்தானே. அண்டைக்கு எயார்போட்டிலை என்னைப் பாத்து என்ன நினைச்சனீர்?"

எங்கள் கலியாணம் படம் பார்த்துப் பேசியது. அவரை நேரில் காணாமலே தனியாக விமானம் ஏறி வந்தவள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் அன்றில் இருந்து என்னிடம் இருந்தது. கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

"போட்டோவிலை இருந்ததை விடக் கட்டை எண்டு நினைச்சன்."

தேநீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். என்னவோ ஏதோ என்று மகள் மேசைக்கு அடியில் இருந்து தலையை நீட்டினாள்.

"வேறை?"

"பயமாய் இருந்தது. குளிரிலை நடுங்கிக்கொண்டு நிண்டனான். நீங்கள் ஒண்டும் கதைக்காமல் உங்கடை ஜக்கெற்றைக் கழட்டித் தந்தனீங்கள். அதோடை பயம் போட்டுது." சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்: "நீங்கள்? என்னைப் பாத்து என்ன நினைச்சனீங்கள்?"

"அது பெரிய கதை," என்றார். "முதல் தேத்தண்ணியைக் குடியும், ஆறுது. நேரம் கிடக்குத்தானே."

அந்த மனிதர் வாயில் இருந்து அப்படி ஒரு வசனத்தை நான் கேட்டதே இல்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.